முந்தானைத் தக்காளி

பரம்பரைச் சொத்து என்றவுடன் நம் உள்ளம் நிலத்தையும் நகையையும் நாடிச் செல்கின்றது. பால்மரம் சீவிப் பிழைத்த எங்கள் குடும்பத்திற்கு நிலம் இருந்ததில்லை. இருந்த சிறு நகையும் பாதி நாள் கழுத்திலும் பாதி நாள் அடகுக் கடையிலுமாக இருந்து தேய்ந்து போயிற்று. ஆயினும் எங்களுக்கும் ஒரு பரம்பரைச் சொத்து இருந்தது. அது ஒரு தக்காளி விதை. எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பெண்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வந்த அச்சொத்தை, முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் பதினோரு ஆண்டுகளில் அழித்துவிட்டேன். அதுவும் அலட்சியத்தால் அன்று. அளவு கடந்த அன்பினால் அழித்தேன். அந்தக் கதையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

என் தந்தையைப் பெற்ற அப்பாயி, 1936ஆம் ஆண்டில் திருச்சி மாவட்டத்து முசிறிப் பக்கத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியபோது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை. கைக்குழந்தை ஒன்று, ஒரு தகரப் பெட்டி, புடவை முந்தானையில் ஒரு முடிச்சு. இவையே அவர் கொண்டு வந்தவை. அம்முடிச்சுக்குள் சாம்பலில் புரட்டிய அவரை விதையும் கத்தரி விதையும் தக்காளி விதையும் இருந்தனவாம். கப்பலில் தலைசுற்றிப் படுத்த நாள்களிலும், பினாங்குக்கு அருகே ஜெரெஜா தீவில் நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்ட நாள்களிலும், அவர் கை அடிக்கடி அந்த முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்ததாம். அவரையும் கத்தரியும் காலப்போக்கில் எங்கோ கலந்து மறைந்தன. தக்காளி மட்டும் நின்றது. ‘சீமைத் தக்காளி’ என்றுதான் அப்பாயி அதைச் சொல்வார். அவரிடமிருந்து விதை வாங்கிச் சென்ற லயத்துப் பெண்களோ ‘முந்தானைத் தக்காளி’ என்று பெயரிட்டனர். அப்பெயரே நிலைத்துவிட்டது.

அப்பாயி சொன்ன ‘சீமை’ என்னும் அடைமொழியில் ஒரு வரலாறே அடங்கியிருக்கின்றது. மணத்தக்காளி நம் மண்ணுக்கு நெடுநாள் பழகியது. சிவந்த பெரிய தக்காளி கடல் கடந்து வந்தது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் சிறு காட்டுக் கனியாகத் தோன்றி, மெக்சிகோ நாட்டு மக்களின் கைகளில் தோட்டப் பயிராகி, பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்து, பின்னர் நம்மவர் அடுப்படிக்கு வந்து சேர்ந்த கனி அது. மெக்சிகோ மக்கள் ‘தொமாத்ல்’ என்று வழங்கிய சொல்லே இன்று மலாய் மொழியில் ‘தொமாத்தோ’ என்று ஒலிக்கின்றது. தமிழர் மட்டும் அந்தப் புதிய கனியைத் தம் பழைய கனியின் உறவினனாகக் கண்டு, அதன் பெயரையே சூட்டி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டனர்.

எங்களை இந்நாட்டுக்கு அழைத்து வந்ததும் ஒரு தென்னமெரிக்க விதைதான். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் இரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. இரப்பர் விதையின் உயிர் சில வாரங்களே தாங்கும். மறு ஆண்டில் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. அவற்றிலிருந்து தொடங்கிய தோட்டத் தொழில்தான் இலட்சக்கணக்கான தமிழரைக் கடல் கடக்க வைத்தது. லயத்தின் முன்னால் துரையின் பால்மரமும், பின்னால் அப்பாயியின் தக்காளிச் செடியும் நின்ற காட்சியை இன்று நினைத்துப் பார்க்கின்றேன். ஒரே கண்டத்தில் பிறந்த இரண்டு செடிகள், வெவ்வேறு கடல் வழியாக வந்து, பேராக் மாநிலத்து ஒரு தோட்டத்தில் முதுகோடு முதுகாக நின்றன. ஒன்றின் பால் கப்பலேறிற்று. மற்றொன்றின் கனி எங்கள் சட்டியில் ஏறிற்று.

அந்தத் தக்காளி அழகிய கனி அன்று. எலுமிச்சம்பழ அளவிலே, பறங்கிக்காயைப் போல வரிவரியாகப் புடைத்து, காம்பைச் சுற்றிய தோள்பகுதி பழுத்த பின்னும் சற்றே பச்சையாக இருக்கும். தோல் மெல்லியது, இரண்டு நாள் வைத்தால் கசிந்துவிடும். ஆனால் அதன் புளிப்பு! ரசத்திற்குப் புளி கரைக்க வேண்டியதில்லை. இரண்டு பழத்தைக் கையால் பிசைந்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு அப்பாயி இறக்கும் ரசத்தின் மணம், வெட்டுக்காட்டிலிருந்து திரும்பும் என் தந்தையை லயத்தின் முனையிலேயே வரவேற்கும்.

அப்பாயியின் விதைச் சட்டம் கடுமையானது. செடிகள் காய்க்கத் தொடங்கியதும் நாள்தோறும் வரிசையில் நடந்து பார்ப்பார். நோயின்றி, இலை சுருளாமல், மழையிலும் காயுதிர்க்காமல் நிற்கும் செடிகள் மூன்று நான்கைத் தெரிந்தெடுத்து, அவற்றின் தண்டில் சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டுவார். துணி கட்டிய செடியில் எவரும் கை வைக்கக் கூடாது. பெரிய பழம் எது என்று அவர் தேடியதில்லை. நல்ல செடி எது என்றே தேடினார். பழத்தின் பருமன் ஒரு நாள் மழையால் வரலாம். செடியின் குணமோ விதையோடு வருவது. பயிர்நூல் வல்லார் இன்று விளக்கும் தேர்வு முறையை அந்தக் கைநாட்டுக் கிழவி தம் கண்ணாலேயே செய்து வந்தார்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள், பள்ளி விட்டு வந்த பசியில், துணி கட்டிய செடியிலிருந்து நன்கு கனிந்த மூன்று பழங்களைப் பறித்து உப்புத் தொட்டுத் தின்றுவிட்டேன். அப்பாயி என்னை அடிப்பார் என்று அஞ்சி ஒளிந்தேன். அவர் அடிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். சப்பானியர் காலத்தில்கூடத் தொடாத பழமாயிற்றே என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அச்சொல்லின் பொருள் எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆண்ட காலத்தில் என் தாத்தாவைச் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டு சென்றார்கள். பல்லாயிரம் தமிழரை விழுங்கிய அந்தப் பாதையிலிருந்து அவர் திரும்பவில்லை. அரிசி மறைந்து மரவள்ளிக் கிழங்கே உணவான அந்நாள்களில், இரண்டு பிள்ளைகளுடன் தனித்து நின்ற அப்பாயி ஒவ்வொரு பருவத்திலும் துணி கட்டிய செடியின் பழங்களைத் தொடாமல் விதைக்கு விட்டிருக்கின்றார். விதைநெல்லைக் குற்றி உண்ணலாகாது என்பது உழவர் குடியின் பழைய அறம். அந்த அறத்தை அவர் இரப்பர்க் காட்டிலும் கைவிடவில்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், உலகின் மறுகோடியில், இரசியாவின் லெனின்கிராடு நகரை நாசிப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. நிக்கோலாய் வவிலோவ் என்னும் அறிஞர் உலகெங்கும் அலைந்து திரட்டிய விதைகள் அந்நகரின் ஆய்வு நிலையத்தில் இருந்தன. முற்றுகையின் பசியில், நெல்லும் கோதுமையும் கிழங்கும் சூழ்ந்திருக்க, அவற்றை உண்ணாமல் காத்து அந்நிலையத்தின் ஊழியர் பலர் பட்டினியால் மாண்டனர். வவிலோவும் 1943ஆம் ஆண்டு தம் நாட்டுச் சிறையிலேயே உயிர் நீத்தார். இவ்வரலாற்றைப் படித்தபோது என் கண் முன் நின்றவர், வாசற்படியில் உட்கார்ந்து அழுத அப்பாயியே.

1968ஆம் ஆண்டு அப்பாயி மறைந்தார். விதைப் பொறுப்பு அம்மாவுக்கு வந்தது. அம்மாவும் அதே முறையைத்தான் கைக்கொண்டார். செடியிலேயே முற்றக் கனியவிட்ட பழங்களைக் கொட்டாங்கச்சியில் பிழிந்து, விதையும் கூழுமாக இரண்டு நாள் மூடி வைப்பார். அது புளித்து, மேலே வெண்ணிறப் படலம் படரும், நாற்றமும் எழும். பின்பு நீர்விட்டு அலசினால் சதையும் பதரும் மிதந்து போகும். நல்ல விதை அடியில் தங்கும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறை, விதை பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் தடுக்கின்றது. புளிக்க வைப்பதால் அவ்வுறை கரைகின்றது. விதையோடு ஒட்டி வரும் நோய்க்கிருமிகளும் குறைகின்றன. மூன்றாம் நாளைத் தாண்டவிட்டால் நம் நாட்டு வெப்பத்தில் விதை அப்படியே முளைவிடத் தொடங்கும். ஆகவே, இரண்டு நாள் என்பது அம்மாவின் கணக்கு. அலசிய விதையைத் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, ஹார்லிக்ஸ் போத்தலில் இட்டு மூடுவார்.

ஒன்றில் மட்டும் அம்மா மாமியாரை மிஞ்சினார். அப்பாயி கேட்டவர்க்குக் கொடுத்தார். அம்மாவோ கேளாதவர்க்கும் கொடுத்தார். மிதிவண்டியில் மீன் கொண்டு வரும் சீனருக்குக் கொடுத்தார். தோட்டத்தை ஒட்டிய கம்பத்திலிருந்து வாழையிலையும் பலாக்காயும் கொண்டு வரும் மலாய் மாதுக்குக் கொடுத்தார். 1969க்குப் பின்னர், குடியுரிமையின்றி வேலை அனுமதியும் மறுக்கப்பட்ட குடும்பங்கள் தாயகம் திரும்பியபோது, எங்கள் லயத்திலிருந்து கப்பலேறிய இரண்டு குடும்பங்களுக்கும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். முந்தானையில் வந்த விதை காகிதத்தில் திரும்பிச் சென்றது.

அப்போது நான் பயிற்சிக் கல்லூரிக்குப் போகக் காத்திருந்த இளைஞன். எங்களிடம் மட்டுமே உள்ள ஒன்றை அம்மா இப்படி வாரி இறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

“எல்லாருக்கும் குடுத்துட்டா, நம்மளோடதுன்னு என்னம்மா இருக்கும்?” என்று கேட்டேன்.

“நம்ம செடி ஒரு வருசம் பட்டுப்போச்சுன்னா யாருகிட்டப்பா போய்க் கேக்கறது? நாலு வீட்டுல இருக்கட்டும்” என்றார் அம்மா. அதை ஒரு பெண்ணின் சாக்கென்று எண்ணிச் சிரித்தேன்.

1986ஆம் ஆண்டு எங்கள் தோட்டத்தில் பால்மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. லயங்கள் இடிக்கப்பட்டன. ஈப்போவின் புறநகரில் நான் வாங்கியிருந்த சிறு வீட்டிற்கு அம்மாவை அழைத்து வந்தேன். முன்னும் பின்னும் சிமெந்துத் தரை. அம்மா சாயத் தகரங்களில் மண் நிரப்பி முந்தானைத் தக்காளியை வளர்த்தார். பேரங்காடியில் கேமரன் மலைத் தக்காளி அடுக்கடுக்காகக் கிடைக்கும்போது இது எதற்கு என்று என் பிள்ளைகள் கேட்பர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மலையின் குளிரில், பிளாஸ்டிக் கூரையின் கீழ் விளையும் அக்கனிகள் உருண்டையாய், ஒரே நிறமாய், பத்து நாள் வைத்தாலும் கட்டுக் குலையாமல் இருக்கின்றன.

அந்த ஒரே நிறத்திற்கு நாம் கொடுத்த விலையைப் பின்னர்ப் படித்தறிந்தேன். பழத்தின் தோளில் பச்சை இல்லாமல் சீராகப் பழுக்கும் செடிகளையே பயிர் வளர்ப்போர் பல்லாண்டுகளாக விரும்பித் தேர்ந்தனர். அப்படிச் சீராகப் பழுக்கச் செய்யும் மாற்றம், காய்க்குள் பசுங்கணிகம் செழிப்பதைக் குறைத்து, அதனால் சர்க்கரையையும் குறைத்துவிடுகின்றது என்று 2012ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. எங்கள் தக்காளியின் பச்சைத் தோளை அழுக்கென்று எண்ணி அரிந்தெறிந்த என் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை.

கடைத் தக்காளியின் விதையை எடுத்து விதைத்தால் என்ன என்ற கேள்வி எழலாம். இன்று சந்தைக்கு வருவன பெரும்பாலும் கலப்பின வகைகள். இரண்டு வேறு குலங்களைச் சேர்த்து ஆக்கிய முதல் தலைமுறை ஒரே சீராக, நோய் தாங்கி, மிகுதியாகக் காய்க்கும். அதன் விதையை மீண்டும் விதைத்தாலோ பிள்ளைகள் ஆளுக்கொரு சாயலாகப் பிரிவர். உழவர் ஆண்டுதோறும் விதைக் கடைக்கே செல்ல வேண்டும். கலப்பின விதை பெருநகரங்களுக்குச் சோறிடுகின்றது. அதைப் பழிப்பது நன்றியன்று. ஆனால், அது ஒருவர் தம் பிள்ளைக்குக் கொடுத்துச் செல்லக் கூடிய விதை அன்று. பழைய வகைகளோ அப்படியல்ல. தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் கூம்பாகக் கூடிச் சூல்முடியைச் சூழ்ந்து நிற்கின்றன. காற்று அசைத்தாலே பூ தன் மகரந்தத்தால் தானே சூல் கொள்ளும். பிற வகைகளிலிருந்து சிறிது தள்ளி நட்டால், தாயைப் போலவே சேய் வரும். அதனால்தான் எழுத்தறியாத இரண்டு பெண்களால் ஒரு குலத்தை இத்தனை காலம் கலப்பின்றிக் காக்க முடிந்தது.

2009ஆம் ஆண்டு அம்மா காலமானார். காரியங்கள் முடிந்த பின் அவருடைய பொருள்களை ஒழுங்குபடுத்தினேன். மூக்குத்தி ஒன்று, ஒரு சுங்கடிப் புடவை, கண்ணாடி, அந்தப் போத்தல். போத்தலில் முக்கால் பங்கு விதை இருந்தது. அம்மாவின் கைபட்ட கடைசி விதை. அதை மண்ணில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒருவேளை பட்டுப்போனால்? நோய் வந்தால்? சுங்கடிப் புடவையில் சுற்றி, அலமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன். உறவினர் ஒருவர் விதை கேட்டபோது, அம்மாவின் நினைவு என்று சொல்லி மறுத்தேன். ஆண்டுதோறும் திதி நாளன்று போத்தலை எடுத்துப் படத்தின் முன் வைத்து, மீண்டும் பூட்டுவேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நாள்களில் காய்கறிக்கும் தட்டுப்பாடு தோன்றியது. அம்மாவின் தகரங்கள் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டேன். ஒரு விடியலில், பூசை செய்பவனைப் போலக் குளித்து வந்து, போத்தலைத் திறந்து அறுபது விதைகளை எண்ணி விதைத்தேன். தக்காளி ஒரு வாரத்தில் முளைக்க வேண்டும். இரண்டு வாரம் காத்திருந்தேன். மீண்டும் ஒரு நூறு. அதன் பின், நனைந்த துணியில் பரப்பிப் பார்த்தேன். கடைசியில் போத்தலில் இருந்த அத்தனையும் இட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

விதை என்பது உறங்கும் உயிர். உறங்கினாலும் அது மெல்ல மூச்சு விடுகின்றது. வெப்பமும் ஈரமும் மிகுந்தால் அம்மூச்சு விரைந்து, சேமிப்பு கரைந்து உயிர் போய்விடும். சேமிப்பிடத்தின் வெப்பம் ஐந்து பாகை குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும்; விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதை அறிஞர் கூறும் ஏறக்குறையக் கணக்கு. ஈப்போ வெயிலில் தகிக்கும் அலமாரியின் மேல் தட்டில், மூடி தளர்ந்த போத்தலில், ஆண்டுதோறும் திறந்து மூடிப் பதினோரு ஆண்டுகள்! அம்மாவின் கையில் எந்த விதையும் இரண்டு பருவத்திற்கு மேல் போத்தலில் தங்கியதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போத்தல் அவருக்கு வழியில் தங்கும் சத்திரம். நான் அதைக் கல்லறை ஆக்கிவிட்டேன். அம்மா இறந்தபோது அழுததைவிட அன்று அதிகமாக அழுதேன். சாவு இயற்கை செய்தது. இது நான் செய்தது.

கட்டுப்பாடுகள் தளர்ந்து, 2022ஆம் ஆண்டு எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குச் சென்றேன். லயம் இல்லை, பள்ளி இல்லை, செம்பனை நடுவே கோவில் மட்டும் நிற்கின்றது. விழா முடிந்து, பழைய ஒற்றையடிப் பாதை வழியே கம்பத்தின் பக்கம் நடந்தேன். அம்மாவுக்கு வாழையிலை கொண்டு வரும் மலாய் மாதின் வீடு அப்படியே இருந்தது. அவர் காலமாகிவிட்டார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவரான அவருடைய மகள் என்னை அடையாளம் கண்டு, “அபாங், உள்ளே வாருங்கள்” என்று அழைத்தார். தேநீரோடு, அவித்த மரவள்ளிக் கிழங்கும் ஒரு கிண்ணம் சம்பாலும் வந்தன.

சம்பாலை நாவில் வைத்ததும் என் கை நின்றுவிட்டது. புளியின் புளிப்பு அன்று. எலுமிச்சையின் புளிப்பும் அன்று.

“இது என்ன தக்காளி?” என்று மலாயில் கேட்டேன்.

“தொமாத்தோ ஆச்சி” என்றார் அவர், உலகறிந்த ஒன்றைச் சொல்பவர் போல.

ஆச்சி என்பது அக்கம்பத்தார் என் அம்மாவை அழைத்த பெயர்.

கோழிக் கூண்டின் பின்புறம் அழைத்துச் சென்று காட்டினார். பத்துப் பன்னிரண்டு செடிகள், மூங்கில் பந்தலில் சாய்ந்தபடி, வரிவரியான கனிகளோடும் பச்சைத் தோள்களோடும் நின்றன. அவர் தாயார் ஆண்டுதோறும் விதைத்தாராம். தாயாருக்குப் பின் அவர் விதைக்கின்றார். போத்தலில் பூட்டி வைத்ததே இல்லை. நன்கு கனிந்ததைப் பிழிந்து, பழைய நாளிதழில் தடவிக் காயவிட்டு, அடுத்த மழைக்கு முன் நட்டுவிடுவாராம். தைப்பிங்கில் மணம் முடித்த தங்கைக்கும், கிரிக்கில் உள்ள மருமகளுக்கும்கூடக் கொடுத்திருக்கின்றார். நாலு வீட்டில் இருக்கட்டும் என்று அம்மா சொன்னது சாக்கு அன்று, அதுதான் காப்புறுதி. 2008ஆம் ஆண்டு நார்வே நாட்டின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில், உறைபனி மலையைக் குடைந்து உலகத்து விதைகளுக்குப் பெட்டகம் அமைத்தவர்களின் எண்ணமும் இதுவேயன்றோ? ஓரிடத்தில் அழிந்தால் மற்றோரிடத்திலிருந்து மீட்கலாம் என்று அவர்கள் விதைகளின் மறுபடிகளை அங்கே வைத்திருக்கின்றனர்.

ஒரு பழத்தை நுகர்ந்து பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: அது முற்றிலும் எங்கள் தக்காளி அன்று. சதை சற்றுத் தடித்திருந்தது. புளிப்பு ஒரு படி தணிந்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பால் அரைக்கும் கைகள் தமக்கு உகந்த செடியைத் தெரிந்து விதைத்திருக்கின்றன. ரசத்திற்கென்று அப்பாயி தேர்ந்த கனி, அம்மிக்கென்று சற்றே உருமாறியிருக்கின்றது. முதலில் என் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. இது நம்முடையதுதானா? ஆனால், என் அலமாரியில் மாறாமல் இருந்த விதை செத்த விதை. இங்கே மாறியிருப்பது உயிருள்ள விதை. மெக்சிகோவில் ஒரு கைக்கும், முசிறியில் ஒரு கைக்கும், லயத்தில் ஒரு கைக்கும் ஏற்ப மாறி வந்த கனி, கம்பத்தில் மட்டும் மாறலாகாது என்று சொல்ல நான் யார்?

அவர் கொடுத்த ஐந்து பழங்களோடு வீடு திரும்பினேன். முதலாண்டில் ஒன்பது செடிகள் வளர்ந்தன. அவற்றுள் நான்கு, காய்க்கும் முன்பே வாடல் நோயில் மடிந்தன. காலையில் பசுமையாக நின்ற செடி உச்சிப் பொழுதில் தலை தொங்கும். மாலையில் தேறுவது போலத் தோன்றும். சில நாளில் பச்சை மாறாமலேயே சாயும். தண்டை அரிந்து தெளிந்த நீரில் நிறுத்தினால் பால் போன்ற இழை வழியும். அதுவே மண்ணில் வாழும் நுண்ணுயிரின் அடையாளம். கத்தரியும் மிளகாயும் வைத்த மண்ணிலே தக்காளியையும் நட்ட பிழை என்னுடையது. மூன்றும் ஒரே குடும்பம், ஒரே நோய். மறு ஆண்டு மண்ணை மாற்றினேன். சுண்டைக் கன்றின் தண்டைச் சாய்வாக அரிந்து, அதன் மீது தக்காளித் தளிரைப் பொருத்தி, ஒரு வாரம் நிழலில் மூடி வைத்து ஒட்டுக் கட்டினேன். சுண்டையின் வேர் அந்நோயை நன்கு தாங்கும். வேர் சுண்டையானாலும் கனியும் விதையும் தக்காளியினுடையவையே. தாழ்நிலத்து இரவு வெப்பத்தில் பெருங்கனித் தக்காளிகள் பூவுதிர்க்கும். இச்சிறு கனியோ முசிறி வெயிலைக் கண்ட குலமாதலால் ஓரளவு காய்க்கின்றது.

இன்று எங்கள் தெருவிலும் உறவிலுமாக ஏழு வீடுகளில் இத்தக்காளி நிற்கின்றது. அண்மையிலுள்ள தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஒரு பாத்தியில் வளர்க்கின்றனர். நானும் ஒரு சிறு போத்தலில், வறுத்து ஆறிய அரிசியை ஈரம் உறிஞ்ச அடியில் இட்டு, ஆண்டைக் குறித்து, குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கின்றேன். ஆனால், அதை நான் நம்பியிருக்கவில்லை. நான் நம்பியிருப்பது அந்த ஏழு வீடுகளை. எங்கள் வீட்டு ரசத்திற்காக, புளிப்பு மிகுந்த செடிகளையே விதைக்குத் தெரிந்தெடுக்கின்றேன். கம்பத்துச் சகோதரி சம்பாலுக்கானவற்றைத் தெரிந்தெடுக்கின்றார். ஒரு தாயின் இரு பிள்ளைகளாக அவை தத்தம் வழியில் வளரட்டும்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய ஒரு விதை இருக்கக்கூடும். பாட்டியின் அவரையோ, பாகலோ, முருங்கைக் கொம்போ, எங்கோ ஒரு போத்தலில் அல்லது வேலியோரத்தில் இருக்கும். அதை நினைவுச் சின்னமாக்கிவிடாதீர்கள். இந்த மழைக்கே நட்டுவிடுங்கள். இரண்டு வீட்டிற்குக் கொடுத்துவிடுங்கள். முந்தானைத் தக்காளி விதை வேண்டுவோர்க்கும் நான் வாங்கும் விலை இதுவே.

சென்ற மாதம் விதைச் செடிகளுக்கு அடையாளம் கட்டச் சிவப்புத் துணி தேடினேன். வீட்டில் எதுவும் அகப்படவில்லை. அலமாரியைத் திறந்து, போத்தலைச் சுற்றி வைத்திருந்த அம்மாவின் சுங்கடிப் புடவையை எடுத்தேன். முந்தானை சிவப்பு. சிறிது நேரம் கையில் வைத்திருந்தேன். பின்பு ஓரத்தைப் பல்லால் கடித்து, நான்கு துண்டுகளாகக் கிழித்துக்கொண்டு தோட்டத்திற்கு இறங்கினேன்.